தைப் பனியில் மல்லிகை

தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உலகம்மை என்றொரு குரு இருந்தார். அவரிடம் தியானம் கற்க வந்தவர்களில் எல்லோருக்கும் மூத்தவள் ஆவுடையம்மாள். குருவைவிடவே பத்துப் பதினைந்து வயது பெரியவள். அதனால் குரு அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

தை மாதத்து விடியலில் ஒருநாள் ஆவுடையம்மாள் மூச்சிரைக்க மடத்துக்கு வந்தாள்.

"அம்மா, உடனே என் வீட்டுக்கு வாங்க."

"என்னக்கா ஆச்சு?"

"மல்லி பூத்திருக்கு."

உலகம்மை செருப்புக்கூட மாட்டாமல் கிளம்பினார்.

கொல்லைக் கதவைத் திறந்ததுமே வாசனை முகத்தில் வந்து மோதியது. சித்திரை வெயிலில் பூக்க வேண்டிய மல்லிகை, பனி சொட்டச் சொட்டப் பூத்து நின்றது. இரண்டு வருஷம் மழையே இல்லாமல் அந்தத் தோட்டத்தில் வாழை போயிற்று, எலுமிச்சை போயிற்று. மல்லிகையும் வெறும் சுள்ளியாகத்தான் இருந்தது. ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது. இப்போதோ இலை தெரியாமல் பூவும் மொட்டும்.

"செத்துப்போச்சு, வெட்டி அடுப்புல வைன்னு ஊரே சொல்லிச்சும்மா. நான் விடலை. ஜெயிச்சுட்டேன்!" என்றாள் ஆவுடையம்மாள். கண் நிறைந்திருந்தது.

குரு குழந்தைபோலச் சிரித்தார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியே எட்டி, என்னவென்று கேட்டுவிட்டு வந்த ஆவுடையம்மாளின் முகம் மாறியிருந்தது.

"அடுத்த வீட்டு முப்பிடாதி. நாளைக்கு அவ மகளுக்குக் கல்யாணம். கடைவீதியில எங்க தேடியும் மல்லி கிடைக்கலையாம். வாசனை பிடிச்சு வந்துட்டா. பின்னாலயே தெருப் பொம்பளைங்க எல்லாரும் நிக்காங்க."

"கதவைத் திறக்கலையா?"

"எப்படிம்மா திறப்பேன்? தண்ணி லாரி வந்தப்ப என் குடத்தை வரிசையில இருந்து தூக்கி எறிஞ்சவ அவ. 'குடிக்கவே தண்ணி இல்ல, பூச்செடிக்கு ஊத்துறவளுக்கு இங்க என்ன வேலை'ன்னு கத்தினா. நின்னவங்கள்ல ஒருத்தி வாயைத் திறக்கலை. அன்னையில இருந்து மலையடிக் கிணத்துக்குத்தான் நடந்தேன். லாரித் தண்ணியில ஒரு சொட்டு நான் இதுக்கு ஊத்தினதில்ல."

"பிறகு எதை ஊத்துனீங்க?"

"பாத்திரம் கழுவினது, துணி அலசினது, மீன் கழுவினது. கிட்ட நிக்க முடியாது, அப்படி நாறும்."

உலகம்மை ஒரு பூவைப் பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மோந்து பாருங்கக்கா."

மோந்து பார்த்தாள்.

"மீன் வாடை அடிக்குதா?"

ஆவுடையம்மாள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மறுபடி தட்டினார்கள். இந்த முறை மெதுவாக.

சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் வாசல்லயே நிக்கீங்க? எல்லாரும் உள்ள வாங்கடி!"

தோட்டம் நிறைந்துவிட்டது. பூவைப் பார்த்த பெண்கள் செடியைச் சூழ்ந்துகொண்டார்கள். முப்பிடாதி மட்டும் படி தாண்டவில்லை. தலை குனிந்தபடி, "அக்கா, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினாள். அதற்குள் அழுதுவிட்டாள்.

ஆவுடையம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அழுறதுக்கு நேரமில்ல. முதல்ல மடியை விரி. கல்யாணப் பொண்ணு தலைக்கு எங்க வீட்டு மல்லிதான்."

பறிக்கப் பறிக்கத் தீரவில்லை. மடிகள் நிறைந்தன, கூடைகள் நிறைந்தன. யாரோ குலவையிட்டார்கள். தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

எல்லோரும் போன பிறகு ஆவுடையம்மாள் குருவிடம் வந்தாள்.

"மத்தவங்களைவிட அவளுக்குத்தான் அதிகமாக் குடுத்தேம்மா. ஆனாலும் உள்ள ஒரு மூலையில இன்னும் வலிக்குது. நான் பட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மை குனிந்து, தரையோடு கிடந்த கிளை ஒன்றை விலக்கினார். அது மண்ணைத் தொட்ட இடத்தில் தானாகவே வேர் விட்டிருந்தது.

"இதை வெட்டி எடுத்து அவளுக்கே குடுங்கக்கா. அவளும் இதோட ஒரு கோடையைத் தாண்டட்டும்."