கோட்டைத் தாண்டிய நீலம்

சேசுராஜுக்கு நாற்பது வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டே பேராசிரியை திலகவதியிடம் ஆராய்ச்சி செய்துவந்தார். பங்குனியில் அவருக்கும் மனைவி மெர்சிக்கும் பிறந்த கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது.

ஒரு நாள் ஆய்வகத்தில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. வேலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்த சேசுராஜ் கேட்டார்:

"மெர்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன் மேடம். அப்புறம் கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டு, அதை வாபஸும் வாங்கிட்டேன். அவளும் சரின்னுட்டா. வீடு மட்டும் ஏன் பழையபடி ஆகல?"

திலகவதிக்கு ஆறுதல் சொல்ல வராது. நிறுத்து வைத்திருந்த நீல உப்பை, மயில்துத்தத்தை, அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல 0.05 மோல் இருக்கு. 0.2 மோலார் கரைசல் வேணும். எவ்வளவு வரும்?"

பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் கணக்குப் போடச் சொல்கிறாரே என்று சேசுராஜுக்கு எரிச்சல். "0.05-ஐ 0.2-ஆல வகுத்தா கால் லிட்டர்," என்றார்.

"போடுங்க."

துத்தத்தைக் கரைத்து, கழுத்து நீண்ட கால் லிட்டர் குடுவையில் ஊற்றினார். தண்ணீர் விட்டு, குலுக்கி, மறுபடி விட்டார். கால் லிட்டரைக் காட்டும் கழுத்துக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்தபோது திலகவதி கேட்டார்:

"என்ன வார்த்தை?"

"நீ கவனிச்சிருந்தா பிள்ளை பிழைச்சிருக்கும்னு."

கோட்டைப் பார்க்காமல் மேலும் ஊற்றினார். தண்ணீர் கோட்டைத் தாண்டிவிட்டது.

எந்தத் தவறுக்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திட்டுவாரோ அதையே சேசுராஜும் செய்தார். குடுவையை அவசரமாகக் குலுக்கி, பிப்பெட் குழாயை விட்டு அதிகப்படியை உறிஞ்சி எடுத்தார். மட்டம் கோட்டுக்கு வந்தது. '0.2 மோலார்' என்று சீட்டு எழுதி ஒட்டப் போனார்.

திலகவதி பிப்பெட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கூட விட்டது வெறும் தண்ணி. எடுத்தது என்ன?"

பிப்பெட்டுக்குள் நீலமாக இருந்தது; தண்ணீரோடு துத்தமும் வந்திருந்தது.

"கோடு சரியாத்தானே இருக்கு மேடம்." சொல்லும்போதே சேசுராஜின் குரல் உடைந்தது.

"கோடு சரியா இருக்கு."

"கொட்டிட்டு வேற போட்டுறலாமா?"

"இதைன்னா கொட்டிறலாம். வீட்டை என்ன செய்வீங்க?"

சேசுராஜால் அழுகையை அடக்க முடியவில்லை. பிறகு சீட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.

"அப்ப இதுல என்ன எழுத?"

"தெரியாதுன்னு எழுதுங்க," என்றார் திலகவதி. "இனிமேதான் அளந்து பாக்கணும்."