கட்டியம் முடியும்வரை வெந்த முட்டை

முன்னொரு காலத்தில் குறிஞ்சிக்கோட்டை என்ற நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், நாக்கு மட்டும் பொல்லாதது. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து காலையில் அவருக்கு ஓர் அவித்த முட்டை வேண்டும். வெள்ளை நன்றாக இறுகியிருக்க வேண்டும். மஞ்சள் கரு தேன் போல வழிய வேண்டும். கொஞ்சம் மாறினாலும் தட்டு பறக்கும்.

கொஞ்ச நாளாகத் தட்டு பறந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாள் முட்டை கல்லாக இருந்தது. மறுநாள் வெள்ளைகூட இறுகாமல் கொழகொழவென்று ஒழுகியது.

"மன்னா, சமையல்காரி செம்பாயிக்குக் கை தளர்ந்துவிட்டது" என்றார் கட்டியக்காரர் விசயரங்கர். ராஜா சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய பட்டப்பெயர்களை உரக்கக் கூறிக் கட்டியம் சொல்வது இவர் வேலை. "என் மைத்துனன் ஒருவன் இருக்கிறான். முட்டை அவிப்பதில் சூரன்!"

"நாளையும் முட்டை கெட்டால் செம்பாயி ஊரைவிட்டே போகட்டும்!" என்றார் ராஜா.

அமைச்சர் அறவாழிக்கு நெஞ்சு பதறியது. அவருக்கு அம்மை கண்டிருந்தபோது சொந்தக்காரர்களே வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பயப்படாமல் உள்ளே வந்து தினமும் கூழ் ஊட்டியவள் செம்பாயி. இந்த உயிர் அவள் கொடுத்தது என்று நினைக்காமல் அவர் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

நேரே மடைப்பள்ளிக்குப் போனார். "எங்கே தப்பு நடக்குது, தாயி?"

"நான் பதமாத்தான் எடுக்கிறேன், சாமி. ஆறக் கூடாதுன்னு சுடுதண்ணியோடயே செம்புல மூடிக் கொண்டுபோறது அரண்மனை வழக்கம். கட்டியக்காரர் முடிக்கிற வரைக்கும் ராஜா மூடியைத் திறக்க மாட்டாரு. முட்டை உள்ளேயே வெந்துக்கிட்டிருக்கும். சரின்னு முன்னாடியே எடுத்தா, அன்னிக்குப் பார்த்து அவரு சட்டுன்னு முடிச்சிடுறாரு!"

அறவாழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில நீ அடுப்பே மூட்டாதே."

மறுநாள் சபை நடுவில் அடுப்பும் பானையும் வந்திறங்கின. "மன்னா! மைத்துனரே சூரர் என்றால் விசயரங்கர் எப்பேர்ப்பட்டவராக இருப்பார்! இன்று அவரே அவிக்கட்டும். கட்டியமும் கூடவே நடக்கட்டும்" என்றார் அறவாழி.

"பலே!" என்றார் ராஜா. விசயரங்கர் மீசையை முறுக்கிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் முட்டையை இறக்கினார். "ராஜாதிராஜ! ராஜகம்பீர! ரணகேசரி!" என்று ஆரம்பித்தார். பாதியில் பதம் வந்துவிட்டதென்று கரண்டியை நீட்டினார்.

"அடடா, நிறுத்தப் போகிறீரா?" என்றார் அறவாழி. "கருணைக்கடல் என்ற பட்டம் இன்னும் வரவில்லை. சத்தியசீலர் வரவில்லை. எதை விடப் போகிறீர்? ராஜாவுக்குக் கருணை கிடையாதா, சத்தியம் கிடையாதா?"

ராஜாவின் புருவம் உயர்ந்தது. விசயரங்கருக்கு வேர்த்துக் கொட்டியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாப் பட்டத்தையும் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார். முட்டையை வெட்டினால் மஞ்சள் கரு மாவாக உதிர்ந்தது.

"இப்போது யாரை ஊரைவிட்டு அனுப்பலாம், மன்னா?" என்றார் அறவாழி மெதுவாக. "செம்பாயியின் முட்டை இத்தனை நாளும் மூடிக்குள் வெந்தது இப்படித்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "என் பெருமையே என் சாப்பாட்டுக்கு எமனா!"

சிரித்தபடியே எழுந்து மடைப்பள்ளிக்கு நடந்தார். சபையே பின்னால் போயிற்று. செம்பாயி அடுப்பை மூட்டி முட்டையை அவித்து எடுத்தாள். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, உரித்து, இரண்டாக வெட்டித் தந்தாள். மஞ்சள் கரு பளபளவென்று வழிந்தது. அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, ராஜா ருசித்துச் சாப்பிட்டார்.

கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அறவாழியிடம் நீட்டினார். "இதை அவளுக்கே கொடுங்கள், மன்னா" என்றார் அறவாழி. காப்பு செம்பாயியின் கைக்குப் போனது.

"விசயரங்கரே! இனி நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கட்டியம். அதுவும் ஒரே வரி. 'செம்பாயி, உனக்கு நன்றி.' எங்கே, சொல்லும்!"

விசயரங்கர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

செம்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "இருக்கட்டும், சாமி. காலையிலேர்ந்து கத்தினதுல பசிக்குமே. உங்களுக்கும் ஒண்ணு அவிக்கட்டுமா?"