சுண்ணாம்பு பூசிய மணப்பெண்

காட்டோரக் குளக்கரையில் ஒரு பழைய மாதா கோயில் இருந்தது. அதன் மணிக்கூண்டில் வெள்ளைப் புறாக்கள் குடியிருந்தன. கீழே, சாரல் அடிக்கும் பொந்துகளில் சாம்பல் புறாக்கள் இருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மணி, ஒரே ஜெபம். கொள்வினை கொடுப்பினை மட்டும் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஞானப்பூ ஒரு சாம்பல் புறா. மணிக்கூண்டில் பிலோமினாள் என்ற வெள்ளைப் புறாவிடம் வேலை பார்த்தாள். பிலோமினாளுக்கு அக்கரைக் கோயிலின் சூசை என்ற வெள்ளைப் புறாவைப் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததே இல்லை.

“ஏட்டி, அவர் வரும்போது நீ நானாக இரு. நான் நீயாக இருந்து அவர் குணத்தைப் பார்க்கிறேன்” என்றாள் பிலோமினாள்.

ஞானப்பூ மாட்டவே மாட்டேன் என்றாள். சோறு போடுகிறவளிடம் எத்தனை தடவை மறுப்பது? பண்டிகைக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பில் கடைசியில் முங்கி எழுந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. பிலோமினாள் அடுப்புக்கரியில் புரண்டாள். பெரியவர்களுக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்கள் நிறத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள்.

சூசை வந்தான். தினமும் ஞானப்பூவின் பக்கத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினான். அவள் மனசு அவனிடம் போய்விட்டது. வேலைக்காரியாகத் தண்ணீர் கொண்டுவந்த பிலோமினாளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதை ஞானப்பூ பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

பெரிய வியாழன் வந்தது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அந்தக் கோயில் வழக்கப்படி அன்று புது மாப்பிள்ளை பெண்வீட்டு வேலைக்காரியின் காலைக் கழுவ வேண்டும். பிலோமினாள் காலை நீட்டினாள். சூசை பின்வாங்கினான்.

“சாம்பல் புறாவின் காலை நான் தொடமாட்டேன்” என்றான்.

ஞானப்பூ நினைத்துப் பார்த்தாள். பிலோமினாளுக்கு இனி இவன் வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவன் தனக்குத்தான். ஆசை யாரை விட்டது? ஆனாலும் அவள் குளத்தில் இறங்கி இறக்கையை உதறினாள். வெள்ளையெல்லாம் கரைந்து போயிற்று.

சூசை அவள் அருகில் வந்து மெல்லச் சொன்னான்.

“சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. மறுபடி பூசிக்கொள். நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது.

“மழை வரும்போதெல்லாம் நான் எங்கே போய் ஒளிய?” என்று கேட்டாள்.

அவன் தலையைத் தொங்கப்போட்டு அக்கரைக்குப் பறந்துபோனான்.

“உன்னை வேஷம் போடவைத்தது நான்தானே” என்றாள் பிலோமினாள். கரி அப்பிய உடம்போடு குனிந்து, ஞானப்பூவின் காலைத் தன் அலகால் நீர் ஊற்றிக் கழுவினாள். ஞானப்பூ அழுதுகொண்டே நின்றாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

உன்னை உன் நிறத்தோடு ஏற்காத அன்பு, எவ்வளவு ஆசையாகப் பேசினாலும், உனக்கான அன்பு அல்ல.