விளிம்பில் விழுந்த அடி

மலையடிவாரத்தில் கல் எடுத்து முடித்த ஒரு குவாரி இருந்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். ஊர் ரைபிள் கிளப் சுட்டுப் பழகும் இடம் அதுதான். அங்கே துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, சுடவும் கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிஸா. வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் ஆறு வருஷம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். கிளப்பில் அவரைவிட மூத்தவர்களே அதிகம். இருந்தும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

டாக்டர் தீர்த்தகிரிக்கு ஐம்பத்தேழு வயது. அறுவைச் சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். இரண்டு வருஷமாக மாஸ்டரிடம் கற்று வந்தார். முதல் நான்கு மாதம் அவரைச் சுடவே விடவில்லை. பிரிக்கவும் மாட்டவும் மட்டும் சொன்னார் மாஸ்டர். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மகளின் வயதுள்ள ஒருவரிடம் கைகட்டி நிற்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அவருடைய ரைபிள் சிறியது. பாயின்ட் டூ டூ என்ற சிறு தோட்டா ரகம். ஒரு முறை சுட்டால், அந்த உதைப்பிலேயே வெறும் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானாக உள்ளே ஏற்றிக்கொள்ளும். டாக்டர் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். குழலை மாற்றினார். தோளில் பதியும் மரக்கட்டையை மாற்றினார். மேலே புதிய தொலைநோக்கி வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதத்தில் விழும் ஓட்டைகள் நெருங்கி வந்தன. முதலில் ஐந்து தோட்டாவும் ஒரு வடை அளவுக்குள் விழுந்தன. பிறகு ஒரு சட்டைப் பொத்தானுக்குள். ஐந்தும் ஒரே ஓட்டை வழியாகப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு வியாழக்கிழமை காலை ரைபிள் பையோடு வந்தார்.

“மாஸ்டர், புது டிரிகர் மாட்டியிருக்கேன். தொடவே வேண்டாம். நினைச்சாலே சுடுது.”

“எப்ப மாட்டினீங்க?”

“போன சனிக்கிழமை. நானே வீட்ல உக்காந்து மாட்டினேன்.”

மாஸ்டர் ரைபிளுக்காகக் கையை நீட்டினார்.

“இன்னும் இதுல என்ன மாத்தலாம்? இது எப்ப முழுசாகும், மாஸ்டர்?”

“காலியா?”

“காலி.”

மாஸ்டர் ரைபிளை வாங்கினார். குழலை மண் நிரப்பிய பீப்பாயை நோக்கித் திருப்பினார். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றினார். திறந்து உள்ளே பார்த்தார். பார்த்தது போதாமல் சுண்டுவிரலை நுழைத்துத் தடவினார். இதை டாக்டர் நூறு முறை பார்த்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாஸ்டர் ஏற்கெனவே சுட்ட வெறும் கூடு ஒன்றை உள்ளே வைத்து மூடினார். ஒன்றுமே இல்லாமல் அடித்தால், தோட்டாவை அடிக்கும் ஊசி குழலின் பின் விளிம்பைக் கெடுத்துவிடும். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்தார். டிரிகர் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. கட்டையின் பின்புறத்தில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு தட்டினார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். டாக்டரின் முகம் மாறியது.

“இன்னொரு தடவை, மாஸ்டர்.”

மாஸ்டர் திறந்து, கூட்டை மறுபடி வைத்து மூடி, சுத்தியலை அவரிடம் கொடுத்தார். டாக்டர் இன்னும் மெதுவாகத் தட்டினார்.

டிக்.

மூன்றாவது முறை. நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் டிரிகரைத் தொடாமலே உள்ளே ஊசி விழுந்தது. டாக்டர் சுத்தியலை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை ஒண்ணு நடந்துது, மாஸ்டர். நான் சொல்லலை.”

“சொல்லுங்க.”

“சுடுறத நிறுத்தச் சொல்லி விசில் அடிச்சாங்க. மேகசினைக் கழட்டினேன். உள்ள ஒரு தோட்டா தானா ஏறியிருந்ததை மறந்துட்டேன். ரைபிளைப் பின்னால இழுத்தப்ப கட்டை போய்த் தூண்ல இடிச்சுது.”

“பலமாவா?”

“கை வலிச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் உறைச்சுது. திறந்தேன். முழுத் தோட்டா வெளிய வந்து விழுந்துது. யாரும் பார்க்கலை. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.”

“குழல் எந்தப் பக்கம் பார்த்துச்சு?”

“நேரா முன்னால.”

“முன்னால யாரு?”

டாக்டர் ஜன்னல் வழியே பலகைகளைப் பார்த்தார்.

“பாவாயி.”

பாவாயி கிளப்பில் வேலை பார்ப்பவர். விசில் அடித்ததும் பசை வாளியோடு முன்னே போய்க் கிழிந்த காகிதங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒட்டுவார். கீழே சிதறிய கூடுகளைக் கூட்டிப் பெருக்குவார். அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டருடைய நாலாம் நம்பர் பலகைக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார்.

“இப்ப இவ்ளோ லேசா தட்டினாலே விழுதே,” என்றார் டாக்டர். “அன்னைக்கு ஏன் வெடிக்கலை?”

“அந்தத் தோட்டா எங்கே?”

பையின் பக்கவாட்டு அறையில் தனியாகக் கிடந்தது. மாஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் டாக்டரிடம் நீட்டினார்.

தோட்டாவின் அடிப்பகுதியில், பித்தளை விளிம்பின் ஓரத்தில், நகம் பதிந்ததுபோல ஒரு பள்ளம் இருந்தது.

“இது என்ன, மாஸ்டர்?”

“ஊசி அடிச்ச தடம்.”

“அப்போ அன்னைக்கும் விழுந்திருக்கு.”

“விழுந்திருக்கு.”

டாக்டர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். குரலில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது.

“அடிச்சும் வெடிக்கலைன்னா, இது செத்த தோட்டாதானே? எப்படி அடிச்சாலும் வெடிச்சிருக்காது. இல்லையா, மாஸ்டர்?”

மாஸ்டர் எழுந்து வெளியே போனார். சிவப்புக் கொடியை ஏற்றினார். விசில் ஊதினார்.

“பாவாயிக்கா! உள்ள வாங்க. பெஞ்சுல உக்காருங்க.”

பாவாயி வாளியோடு வந்தார். பசை காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுடும் மேடைக்குப் பின்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“யாரு சுடறாங்க?”

“நான்தான். ஒரே ஒரு குண்டு.”

“ஒரு குண்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

மாஸ்டர் கிளப்பின் பழைய ரைபிளை எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் ரைபிள் அது. பள்ளம் விழுந்த தோட்டாவை டாக்டர் கையிலிருந்து வாங்கினார்.

“பெரிய தோட்டாவுக்கு, அடிபட்டா பத்திக்கிற மருந்து நடுவுல இருக்கும். இதுக்கு அப்படி இல்லை, சார். விளிம்பு முழுக்கச் சுத்தித் தடவியிருப்பாங்க. எந்த இடத்துல அடிச்சாலும் வெடிக்கணும்.”

தோட்டாவை உள்ளே செருகி, விரல் நுனியால் அரைச் சுற்றுச் சுற்றினார். பழைய தடம் ஊசிக்கு எதிர்ப்பக்கம் போயிற்று. மூடினார். மூவரும் காது மூடிகளை மாட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் நாலாம் நம்பர் காகிதத்தைக் குறிபார்த்தார்.

வெடித்தது.

சத்தம் மூன்று பாறைச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. எங்கிருந்தோ புறாக்கள் கிளம்பிப் பறந்தன. ஐம்பது மீட்டருக்கு அப்பால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

மாஸ்டர் கூட்டை வெளியே எடுத்து டாக்டர் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. விளிம்பில் இப்போது இரண்டு தடங்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று எதிரே.

“நல்ல தோட்டாதான்,” என்றார் மாஸ்டர். “ஒரே ஒரு இடத்துல மருந்து ஏறலை.”

“எவ்வளவு இடம்?”

“கடுகு அளவு இருக்கும்.”

“அந்தக் கடுகு சரியா ஊசிக்கு நேரா வந்து நின்னிருக்கு.”

“ஆமா.”

“யார் நிறுத்தினது, மாஸ்டர்?”

“மேகசின்ல போட்டது நீங்கதானே.”

“நான் பார்த்தா போட்டேன்?”

மாஸ்டர் ரைபிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பாவாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குதிகாலில் வெடிப்பு. கையில் ஒற்றைப் பச்சைக் கண்ணாடி வளையல். முழங்கையில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார்.

முப்பது வருஷமாக மனிதர்கள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே டாக்டரின் வேலை. ஆயிரக்கணக்கானவர்களைத் தூங்கவைத்து எழுப்பியிருக்கிறார். ஆனால் ஒரு மூச்சை அவர் அப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன டாக்டரே அப்படிப் பாக்கறீங்க?” என்றார் பாவாயி. “எனக்கு ஏதாச்சும் வியாதியா?”

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நிமிரவில்லை.

டாக்டர் எழுந்து பாவாயியின் முன்னால் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லாம் சொன்னார். டிரிகரை மாற்றியது, தோட்டாவை மறந்தது, தூணில் இடித்தது, நாலு நாள் வாய் திறக்காமல் இருந்தது, எதையும் மறைக்கவில்லை. கடைசியில் அந்தக் கூட்டைக் காட்டினார்.

பாவாயி அதை வாங்கி இரண்டு தடத்தையும் விரலால் தடவினார்.

“நாலாம் நம்பருதானே? ஆமா. பசை ஒட்ட மாட்டேங்குதுன்னு ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னேன்.”

விரல்விட்டு எண்ணினார்.

“நாயித்துக்கெழமைக்கு இன்னைக்கு நாலு நாளு.”

“ஆமாங்க.”

“இந்த நாலு நாளும் என்ன பண்ணேன்னே நெனப்பு வரலையே, டாக்டரே. திங்கக்கெழமை தண்ணி வந்துது. புடிச்சேன். சோறு ஆக்கினேன். என்ன கொழம்புன்னு தெரியலையே.”

அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, அந்தக் குழம்பைத் தேடினார். கிடைக்கவில்லை. கண் ஓரம் ஈரமாயிற்று.

“என்னை மன்னிச்சிடுங்க,” என்றார் டாக்டர்.

“உங்க மேல எனக்குக் கோவம் வரும். இப்ப வரலை. வந்தப்ப சொல்றேன்.”

கூட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் சுடும் மேடையைத் தாண்டிப் பலகைப் பக்கம் போகவில்லை. சுவரோரம் நின்று, பாறை உச்சியில் திரும்பி வந்து உட்காரும் புறாக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அன்றே கிளப் செயலாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் சுடும் இடத்துக்கு வரக்கூடாது என்றார்கள். ரைபிளும், டாக்டர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய டிரிகரும் மாஸ்டரின் அலமாரியில் பூட்டப்பட்டன.

பாவாயிக்குக் கோபம் வந்தது ஒன்பதாவது நாள். ஆஸ்பத்திரிக்கே போனார். வராந்தாவில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். டாக்டர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். பாவாயி பேசி முடிக்கும்வரை தலைகுனிந்து நின்று கேட்டார். முடிந்ததும் பாவாயி குடிக்கத் தண்ணீர் கேட்டார். டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில், டாக்டர் குவாரிக்கு வந்தார். மாஸ்டர் ரைபிளை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பழைய டிரிகரையும் வைத்தார். டாக்டர் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார். மாஸ்டர் ரப்பர் சுத்தியலால் கட்டையில் ஓங்கித் தட்டினார். சத்தம் இல்லை. பத்து முறை தட்டினார். சத்தம் இல்லை.

“போய்ச் சுடுங்க, சார்.”

டாக்டர் ரைபிளை எடுத்தார். திறந்து பார்த்தார். சுண்டுவிரலை விட்டுத் தடவினார். மேடைக்குப் போய்ப் படுத்தார். கட்டையைத் தோளில் பொருத்தினார். வெகுநேரம் அப்படியே கிடந்தார். பிறகு ஒரு தோட்டாகூடச் சுடாமல் எழுந்து வந்தார்.

“கை நடுங்குது, மாஸ்டர்.”

“ஆஸ்பத்திரியிலயுமா?”

“இல்லை. அங்க ஊசி போடுறப்ப நடுங்கலை. இதைத் தொட்டா மட்டும் நடுங்குது. மூணு மாசம் ஆச்சு, பயம் போயிருக்கும்னு நினைச்சேன். இதை எப்படிச் சரி பண்றது?”

மாஸ்டர் அவருடைய வலது கையைப் பார்த்தார். விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

“அது புதுசா மாட்டினது, சார்,” என்றார். “கழட்டிடாதீங்க.”