பலகைக்கு அடியில் ஒரு முகம்

பெரம்பூரில் எங்களில் யாரும் ஸ்கேட்போர்டு என்ற பெயரைக்கூடக் கேட்டிராத காலம். டெஸ்மண்ட் ஒரு பலகையில் பழைய சக்கரங்களைப் பொருத்தி, ரயில்வே குடியிருப்புத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தார். காய்கறிக்காரர் அவரைக் கண்டதும் சிவப்புத் துணியை ஆட்டுவார். நின்றுகொண்டே ரயில் ஓட்டுகிறார், வழி விடுங்கள் என்று குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள்.

ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதுவது அவர் வேலை. மீந்த பெயின்டில் பலகையின் அடிப்பக்கம் படம் வரைவார். எப்போதும் ஒரே முகம்தான். மனைவி ரோஸ்லின், நீலச் சேலையில்.

மைதானத்துப் படிக்கட்டில் நீளமான சிமென்ட் விளிம்பு ஒன்று உண்டு. பாய்ந்து ஏறி, பலகையின் வயிற்றை அதில் பதித்துச் சறுக்குவார். அதற்கு விளிம்பு வழுக்க வேண்டும். மாதா கோயிலில் எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து ரோஸ்லின்தான் தேய்த்துக் கொடுப்பாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு, விழுவதென்றால் என் மூக்கு உடையாமல் விழு என்பாள்.

ஒவ்வொரு சறுக்கலிலும் படம் கொஞ்சம் தேயும். முழுவதும் போனதும் மறுபடி வரைவார். முகம் காட்டத்தான் அவள் இருந்தாளே.

பிறகு அவள் இறந்துபோனாள். அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் மாட்டவில்லை. நினைவிலிருந்து ஒரே ஒரு புதுப் பலகையில் மட்டும் வரைந்தார். அதோடு கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முட்டி வலி வேறு. அந்தப் பலகை ஓடாமலே கிடந்தது.

சம்பந்தம் அவருடைய முதல் சீடன். அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. எழும்பூரில் ஒரு ஓவியக் கூடத்துக்கு அலைந்து பேசி, அந்தப் பலகையை அங்கே மாட்டச் சம்மதம் வாங்கியிருந்தான். டெஸ்மண்டும் சரி என்றிருந்தார். எடுத்துப்போக மாலையில் வண்டி வருவதாக ஏற்பாடு.

அன்று காலை அவன் தன் பலகையோடு மைதானத்துக்குப் போனபோது, டெஸ்மண்ட் அந்தப் புதுப் பலகையைத் தரையில் வைத்து ஒரு காலை அதன்மேல் ஊன்றியிருந்தார். சம்பந்தம் ஓடிப்போய்க் குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மாஸ்டர், என்னோடதுல ஓடுங்க. இது வேணாம்."

"முட்டி இன்னைக்குத்தான்டா சொன்னபடி கேக்குது. விடு."

"நீங்க வரைஞ்சதுல அக்கா முகம் முழுசா இருக்கிறது இது ஒண்ணுதான். இனிமே உங்களால வரைய முடியாது. இதைக் கொண்டுபோய் சிமென்ட்ல தேய்க்க எப்படி மனசு வருது?"

டெஸ்மண்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். மெதுவாக உட்கார்ந்து, விளிம்பின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

பல வருட மெழுகு அங்கே படிந்து கறுத்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் நீலம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டியபோது சிவப்பு.

"இது சேலை," என்றார். "இது உதடு. என் பலகையிலிருந்து போனதெல்லாம் இங்கேதான் இருக்கு."

சம்பந்தம் குனிந்து பார்த்தான். அவன் சறுக்கக் கற்றுக்கொண்டதே அந்த விளிம்பில்தான். ஒரு நாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

"இருந்தாலும் இது முகம் இல்லையே, மாஸ்டர்."

"இல்லைதான்," என்றார் டெஸ்மண்ட். "உன் பலகையைத் திருப்பு."

"அதுல நான் எதுவும் வரையலை."

"திருப்பு."

திருப்பினான். வெறும் மரம். அதன் நடுவில், விளிம்பில் உரசிய இடமெல்லாம் மெழுகோடு மெழுகாக மெல்லிய நீலக் கோடுகள். ஓரத்தில் ஒரு கீற்று சிவப்பு.

சம்பந்தம் அந்தக் கோடுகளை விரலால் தடவினான். டெஸ்மண்ட் அவன் தோளைப் பிடித்து எழுந்து, மெழுகுவத்தித் துண்டை அவனிடம் நீட்டினார்.

"சாயங்காலம் வண்டி வந்தா உன்னோடதைக் கொடுத்தனுப்பு. இப்போ விளிம்புல தேய்ச்சு விடு, நான் அவளோடதுல ஓடுறேன். அவ முகத்துல கீறல் விழாம இருக்கணும்னா, நல்லா அழுத்தித் தேய்க்கணும்."

சம்பந்தம் மண்டியிட்டுத் தேய்க்கத் தொடங்கினான்.