அஞ்சு வகையறாவும் ஒரு பாஸ்வேர்டும்

வெங்கலாப்பட்டி ஆளுகளைக் குறை சொல்லிராதீங்க. சொன்னதைச் சொன்னபடி செய்யிற ஊரு அது. சிக்கலே அங்கதான்.

கோயில் கமிட்டிக்கு யாரோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துட்டாரு. டைப்பிங் கிளாஸ் நடத்துற செல்வராணி வந்து, இது ஸ்கிரீன், இதுல தெரியும். இது கீபோர்டு, இதுல அமுக்கணும். எழுதி வச்சது ஃபைலுன்னு ஒவ்வொண்ணா வெளக்குச்சு. திருவிழாவுக்குப் போலீஸ் அனுமதி கேக்குற மனுவையும் அதுலயே அடிச்சு வச்சுச்சு.

கடைசியா, "பாஸ்வேர்டுன்னா பெட்டிச் சாவி மாதிரி. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க"ன்னுச்சு.

புதுத் தலைவர் சொக்கையனுக்குச் சாவி விஷயம் தெரியாதா? கோயில் உண்டியலுக்கு அஞ்சு பூட்டு. அஞ்சு வகையறா கையில அஞ்சு சாவி. பாஸ்வேர்டுக்கும் அதே முறைதான்னுட்டாரு. ஆளுக்கு ஒரு எழுத்து. ஒருத்தர் அமுக்கும்போது மத்த நாலு பேரும் சுவத்தைப் பாத்து நின்னாங்க. ஸ்கிரீன்ல எழுத்தைக் காட்டாம கறுப்புப் புள்ளியா வந்துச்சு. நம்மளை விட நாணயமான பெட்டின்னு சொக்கையனுக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மனு போகவேண்டிய கடைசி நாளு. நாலு வகையறா அமுக்கியாச்சு. அஞ்சாவது வகையறா இருளாண்டியக் காணோம். ஆளனுப்பிக் கேட்டா, கடைசியா அமுக்குறது அவமானமாம். கோயில்ல முதல் பரிவட்டத்தை எனக்குக் கட்டுறதா இருந்தா வர்றேன்னு சொல்லி விட்டாரு.

அந்தப் பட்டுத் துணியைத் தலையில மொதல்ல கட்டிக்கத்தானே சொக்கையன் தலைவராவே ஆனாரு? அதைப் பாக்க சம்சாரத்தோட சொந்தமெல்லாம் வேன் புடிச்சு வருது. ஆனா மனு போகலைன்னா திருவிழாவே கெடையாது. அவரு எழுத்தை மட்டும் கேட்டு வாங்கியாங்க, நானே அடிக்கிறேன்னு செல்வராணி கெஞ்சுச்சு. அடுத்தவன் சாவியைக் கேக்குறதான்னு நாலு பேரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. வேற வழியில்லாம, முதல் மரியாதை மச்சானுக்கேன்னு சொக்கையன் எறங்கி வந்தாரு.

இருளாண்டி மேளதாளத்தோட வந்து சேந்தாரு. முதல் மரியாதைக்காரன் எழுத்துதான் மொதல்லன்னு, அதுவரைக்கும் அமுக்குனதை அழிக்கச் சொல்லிட்டு முந்திக்கிட்டு அமுக்குனாரு. பின்னாடி மத்தவங்க. தப்புன்னு காட்டுச்சு பெட்டி. இன்னொரு தடவ. அதுவும் தப்பு.

"பழைய வரிசையிலதான் அமுக்கணும் பெரியப்பா. நீங்கதான் கடைசி"ன்னு செல்வராணி சொல்லுச்சு.

"பெட்டிக்கு மரியாதை தெரியல பாப்பா. நீ எடுத்துச் சொல்லு."

கூடிப் பேசுனாங்க. டீ வந்துச்சு, தீந்துச்சு, திரும்ப வந்துச்சு. கீபோர்டைத் திருப்பி வச்சா கடைசி மொதலாயிரும்னு ஒருத்தர் சொல்ல, அதையும் திருப்பி வச்சுப் பாத்தாங்க.

"சாயங்காலத்துக்கு மேல மனு வாங்க மாட்டாங்க மச்சான்." சொக்கையன் கடிகாரத்தைக் காட்டுனாரு.

இருளாண்டி மீசையத் தடவித் தடவி யோசிச்சாரு.

"என்னால திருவிழா நின்னுச்சுன்னு பேரு வேண்டாம். ஆனா மொத ஆளு நாந்தான், அதுல மாத்தமில்ல. நீங்க நாலு பேரும் எனக்கு முன்னாடி அமுக்கிருங்க."

ஞாயமான பேச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பெட்டி தொறந்துச்சு, மனு போச்சு, அனுமதியும் வந்துச்சு.

திருவிழாவுல முதல் பரிவட்டம் இருளாண்டிக்குத்தான். பூசாரி மைக்குலயே சொன்னாரு. சொல்லிட்டு மொதல்ல சொக்கையனுக்குக் கட்டுனாரு, அப்புறம் மத்த மூணு பேருக்கும் கட்டுனாரு. அது முடியிற வரைக்கும் இருளாண்டி வரிசையோட கடைசியில, மொத ஆளா, நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு.