கழுவிய தண்ணீர்

"எல்லாரும் மெச்சுற வட்டம் உங்க கண்ணை மட்டும் ஏன் மேடம் உறுத்துது?"

கேட்டது கோமளவல்லி. ஆராய்ச்சி மாணவி. ஆனால் வழிகாட்டி ஜெபராணியைவிட வயதில் மூத்தவள்.

நொச்சி இலைச்சாற்றில் துத்தநாக உப்பைச் சேர்த்துக் காய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக ஒரு வெள்ளைப் பொடி செய்திருந்தாள். கிருமி வளர்த்த தட்டில் பொடி வைத்த இடத்தைச் சுற்றித் துடைத்துவிட்ட மாதிரி பெரிய வட்டம். அதற்குள் ஒரு கிருமிகூட இல்லை.

இந்த மாதத்தோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. ஜெபராணி கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருஷப் பாடும் வீண்.

"பொடியை நல்லாக் கழுவினீங்களா அக்கா?"

"சும்மா ஒரு அலசு. ரொம்பக் கழுவினா இலையோட சத்துப் போயிருமே."

ஜெபராணி பொடியைக் கையில் வாங்கினாள். பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, சுழற்றும் எந்திரத்தில் வைத்து எடுத்தாள். பொடி அடியில் தங்கியது. மேலே நின்ற தண்ணீரை வடித்து, அதில் ஒரு காகித வில்லையை நனைத்துப் புதுத் தட்டில் வைத்தாள்.

"கொட்டுற தண்ணிக்கு எதுக்கு மேடம் தட்டு?"

"நாளைக்குக் கொட்டிக்கலாம்."

மறுநாள், அந்தத் தண்ணீரைச் சுற்றியும் அதே பெரிய வட்டம்.

கோமளவல்லிக்குக் காது சுட்டது. கிருமியைக் கொன்றது அவள் பொடி இல்லை. பொடியில் ஒட்டிக் கிடந்த மிச்ச உப்பு.

"இப்படியே எழுதிக் கொடுத்தா யாருக்கும் தெரியாது," என்றாள் ஜெபராணி. "கொடுத்துரலாமா?"

"என்னைச் சீண்டிப் பாக்கீங்களா?"

"கேக்கேன்."

கோமளவல்லி பொடியை எடுத்துக்கொண்டு போனாள். கழுவினாள். வடித்த தண்ணீரைத் தட்டில் வைத்துப் பார்த்தாள். வட்டம் வந்தது. திரும்பக் கழுவினாள். தண்ணீர் வைத்த இடத்தில் கிருமி தளதளவென்று வளர்கிற வரைக்கும் விடவில்லை. சத்துப் போனால் போகட்டும்.

"அக்கா, அடுத்து சோப்புப் போடுங்க," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"உன் பொடியையும் கொண்டா. சேத்துத் துவைச்சுத் தாரேன்."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மாதக் கடைசியில் ஒரு தட்டைக் கொண்டுவந்து ஜெபராணி முன்னால் வைத்தாள். கழுவிய பொடியைச் சுற்றி நூலிழை மாதிரி ஒரு மெல்லிய வட்டம்.

"ரொம்பச் சின்னதா இருக்கே அக்கா. பரீட்சை வைக்க வாரவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"பட்டம் இல்லைன்னு சொல்லிட்டா?"

கோமளவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லட்டும் மேடம். கிருமி செத்திருக்குல்ல."

ஜெபராணி பேனாவைத் திறந்தாள்.